முதுகு தெரிய நடும் கிழங்கு

நியூஜெர்சியில் மாண்ட்கிளேர். ஜூலைக் கடைசி, சனிக்கிழமை காலை எட்டு மணி. "கையுறை போட்டுக்கிட்டு வா" என்று வேலிக்கு அந்தப்புறமிருந்து கூப்பிட்டார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

மே மாதம் இதே ஊரில், 1927இல் தொடங்கிய பிரெஸ்பி நினைவுத் தோட்டத்தில் தாடி ஐரிஸ்களைப் பார்த்து மலைத்துப் போயிருந்தேன். நிமிர்ந்த மூன்று இதழ், தொங்கும் மூன்று இதழ், தொங்கும் இதழின்மேல் கம்பளிப்பூச்சி படுத்ததுபோல் தாடி. 70 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் நெட்டை வகை. போன வருடம் நான் நட்ட ஐந்து ஐரிஸ் கிழங்கும் அழுகிய கதையைச் சொன்னபோதுதான் பாட்டி இந்த நாளைக் குறித்துக்கொடுத்தார்.

இப்போது பூ இல்லை. வாள்போன்ற இலைகள் மட்டும். நான்கு பல் மண்வாரியைச் சற்றுத் தள்ளிக் குத்தி நெம்பினார். பின்னிக் கிடந்த கிழங்குக் கூட்டம் அப்படியே மேலே வந்தது, பருத்த இஞ்சிபோல. நடுவில் சுருங்கிய கிழடுகள். சுற்றிலும் விசிறி இலையோடு இளசுகள். ஒரு கிழங்கு ஒருமுறைதான் பூக்கும். அடுத்த பூ பக்கக் கன்றில், வாழைக் கணக்கு. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிரிக்காவிட்டால் நெருக்கத்தில் பூ குறைந்துவிடும்.

ஒன்றைப் பெருவிரலால் அழுத்தினேன், புதைந்தது. கெட்ட வாடை. பாட்டி கத்தியால் பிளந்தார். உள்ளே இளஞ்சிவப்பில் கொழுத்த புழு. வசந்தத்தில் இலைக்குள் நுழைந்து கிழங்குவரை குடைந்து இறங்கியிருக்கிறது. அதன் முட்டை குளிர்காலத்தைக் கழிப்பது காய்ந்த இலைகளில்; பனி விழுமுன் அவற்றைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். கத்தியை பிளீச் தண்ணீரில் முக்கிய பிறகே அடுத்ததைத் தொட்டார்.

நல்ல கன்றுகளின் இலையை ஒரு சாண் விட்டு நறுக்கினோம். ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம். குழி நடுவே சிறு மண்மேடு. அதன்மேல் கிழங்கை உட்காரவைத்து, வேரை இருபுறமும் வழியவிட்டு, வேருக்கு மட்டும் மண் அணைத்தார்.

அடுத்தது என் முறை. அம்மா மஞ்சள் நடுவதைப் பார்த்து வளர்ந்த கை, தன்னால் ஒரு பிடி மண்ணைத் தள்ளி மூடிவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றி, ஒற்றை விரலால் அந்த மண்ணை ஒதுக்கினார். கிழங்கின் முதுகில் வெயில் பட்டது.

போன வருடம் ஐந்தையும் இரண்டு அங்குலம் புதைத்து, தினமும் தண்ணீர் வேறு ஊற்றினேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.