கூழ்ப்பானையும் பீர் வாளியும்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் ஆடி மாதம் கூழ் வார்ப்பதற்கு முந்தின நாள், அம்மா கேழ்வரகு மாவைக் கரைத்து வைத்துவிட்டு எங்களை அந்த மூலைப் பக்கமே விடமாட்டாள். பானை கழுவி வெயிலில் காய்ந்திருக்கும். அடுப்பு அனல் படாத இடமாகப் பார்த்து வைத்திருப்பாள். “சூட்டுல வெச்சா வாடை அடிச்சிடும்டா” என்பாள். அடிலெய்டுக்கு வந்து பீர் போடத் தொடங்கியபோது இந்த வார்த்தை எனக்கு ஞாபகம் வரவில்லை.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் போடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 1970-களிலிருந்து சொந்த உபயோகத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். 1862-இல் தாமஸ் கூப்பர் தொடங்கிய ஆலை இருக்கிற ஊர் இது. பீர் கிட் சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். 1.7 கிலோ டின்னுக்குள் ஹாப்ஸ் கசப்பு ஏற்றிய மால்ட் பாகு, மூடிக்கடியில் சின்ன ஈஸ்ட் பொட்டலம். ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, தண்ணீர் ஊற்றி 23 லிட்டராக்க வேண்டியதுதான்.

முதல் வாளியை ஜனவரி வெயிலில் கார் ஷெட்டில் வைத்தேன். நீர்த்த சுவை, ஆப்பிள் தோல் வாசனை, தொண்டையில் ஒரு எரிச்சல். டின் மட்டம் என்று நினைத்துவிட்டேன். அடுத்தடுத்த தடவைகளில் தேன், ஆரஞ்சுத் தோல், ஏலக்காய் என்று என்னென்னவோ போட்டுப் பார்த்தேன். எதுவும் அந்த எரிச்சலை மறைக்கவில்லை.

குறை இருந்தது சூட்டில்தான். ஈஸ்ட் பெருகுகிற முதல் மூன்று நாளில்தான் பீரின் வாசனை பெரும்பாலும் தீர்மானமாகிறது. அப்போது வெப்பம் ஏறினால் ஈஸ்ட் அவசரப்பட்டு, தொண்டையை எரிக்கும் கன ஆல்கஹால்களையும் தேவையற்ற பழ வாசனையையும் விட்டுவிடும். நொதித்தலே சூடு உண்டாக்குவதால் வாளியின் உள்ளே அறையைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். ஆகவே தெர்மாமீட்டரைச் சுவரில் மாட்டிப் பயனில்லை, வாளியில் ஒட்ட வேண்டும். நான் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஈரத்துணி சுற்றி, உறைந்த பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டு 18 முதல் 20 டிகிரிக்குள் வைக்கிறேன். துணியில் நீர் ஆவியாகிக் குளிர்வது மண்பானை வித்தைதான். நான்காம் நாளுக்குப் பிறகு 22 வரை ஏறவிடலாம். ஆப்பிள் வாடையை ஈஸ்ட்டே தின்று தீர்த்துவிடும்.

சர்க்கரையை நிறுத்தியது அடுத்த நல்ல காரியம். அது முழுக்க நொதித்துப் போய்விடுவதால் நாக்கில் ஒன்றும் நிற்காது. அதற்குப் பதில் ஒரு கிலோ உலர் மால்ட் தூள் போட்டால் கனம் வரும், நுரையும் நிற்கும். நேரம் இருந்தால் 250 கிராம் கிரிஸ்டல் மால்ட்டை இடித்து, 65–70 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறவைத்து, வடித்த சாற்றைப் பத்து நிமிஷம் ஹாப்ஸோடு கொதிக்கவிடுவேன். தானியத்தைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். டீத்தூளை அதிக நேரம் கொதிக்கவிட்டவர்களுக்கு அந்தத் துவர்ப்பு தெரியும்.

டின்னின் தேதியைப் பார்த்து வாங்குங்கள், பழைய பாகு கருத்துப்போய் ஒரு மாதிரி காரலடிக்கும். குழாய்த் தண்ணீரின் குளோரின் பீருக்கு மருந்து வாடை தரும். அதைப் போக்க 23 லிட்டருக்குக் காம்ப்டன் மாத்திரையில் பாதி போதும். வாளி, குழாய், கரண்டி, கை எல்லாம் சுத்தம். இதில் அம்மாவைவிடக் கறாரானவர்களை நான் பார்த்ததில்லை.

இன்று மாலை போட்ட வாளி குளியலறைத் தொட்டியில் நிற்கிறது. நாளை 41 டிகிரி என்கிறார்கள். ஃப்ரீசரில் ஆறு பாட்டில் உறைந்துகொண்டிருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், அலாரம் வைத்திருக்கிறேன்.