பல்லை விட்டுவைத்த கேலி

கார்ட்டூன் போடுகிறவர்களுக்குப் போலீஸ்காரரை வரைவதும் புலியை வரைவதும் ஏறக்குறைய ஒரே வேலைதான். இரண்டிலும் முகத்துக்கு முன்னால் உடுப்பு பேசிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் காக்கி நிறத்துக்கு இடமில்லை. தொப்பி, பெல்ட், லத்தி மூன்றும் இருந்தால் ஆள் யாரென்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். புலிக்கு வரி. அந்த வரி உடம்பின் உருட்சியோடு வளைந்து போகவேண்டும். நேர்கோடாக இழுத்தால் வேலிக்குப் பெயின்ட் அடித்த மாதிரி தட்டையாகிவிடும். அடையாளமும் பயமும் இப்படி உடுப்பிலேயே வந்துவிடுவதால் முகம் நம் இஷ்டத்துக்குக் கிடைக்கிறது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். ஆனால் அங்கே மட்டும்தான் என்பது என் கட்சி. நகத்திலும் லத்தியிலும் கை வைக்கக் கூடாது.

இதைத் துல்லியமாகப் பிடித்தவர்கள் கொரியாவில் ஜோசன் ஆட்சியின் பிற்காலத்தில் இருந்த, பெயர்கூடத் தெரியாத நாட்டுப்புற ஓவியர்கள். தீயது அண்டாமலிருக்கப் புத்தாண்டில் வீட்டில் ஒட்டும் படம் அவர்களுடையது: பைன் மரக்கிளையில் மேக்பை பறவை, கீழே புலி. புலி என்பது யாங்பான் என்கிற மேல்குடி அதிகாரி, பறவை சாமானிய ஜனம் என்று பலர் பொருள் சொல்வார்கள். அந்தப் புலியின் கண்ணைப் பாருங்கள். பல படங்களில் தலை ஒருபக்கம் திரும்பியிருக்கும், கண் இரண்டும் நம் பக்கம் தெரியும், பாவைகள் ஆளுக்கொரு திசையில் அலையும். (பாவை வட்டமாக இருப்பதும் முக்கியம். வீட்டுப் பூனையின் கீற்றுப் பாவையைப் போட்டுவிட்டால் எத்தனை வரி போட்டாலும் பூனைதான்.) அசட்டு முழிதான், ஆனால் கோரைப்பல் அப்படியே துருத்திக்கொண்டிருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கின் சின்னமான ஹோடோரியும் கொரியப் புலியே. அது சிரித்த முகக் குட்டி. விருந்தாளியை வரவேற்க அது போதும், அதிகாரியைச் சொல்ல உதவாது.

உடுப்பே போடாத போலீஸும் சித்திரக்கதையில் உண்டே என்று கேட்கலாம். டின்டின் கதைகளின் இரட்டைத் துப்பறிவாளர்களுக்குக் கறுப்பு சூட்டும் உருண்டைத் தொப்பியும் கைத்தடியும்தான் உடுப்பு. 'நீலத் தாமரை'யில் அதைக் கழற்றிவிட்டுப் பழங்காலச் சீன வேஷத்தில் நடக்கிறார்கள். ஊரே வேடிக்கை பார்த்துப் பின்னால் வருகிறது. அவ்வளவு கோமாளித்தனத்திலும் அவர்கள் வந்த காரியம் டின்டினைக் கைது செய்வது. அவர்களை வரைந்த ஹெர்ஜே அந்த நகத்தை மழுக்கவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: போலீஸைச் சிரிப்புப் பொருளாக்கினால் லாக்கப்பில் விழும் அடி மறைந்துபோகாதா? நம் பத்திரிகைத் துணுக்குப் படங்களில் பலவற்றுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். தொப்பை, தூக்கம், மாமூல், தப்பியோடும் திருடன் என்று முடிந்துவிடுகிற அந்தக் கான்ஸ்டபிளைப் பார்த்து யாரும் பயப்படமாட்டார்கள். நிஜ ஸ்டேஷன் வாசலில் அதே வாசகருக்குக் கால் நடுங்கும். ஆனால் அதற்கு மாற்றாக முறைக்கும் போலீஸை வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த வேலையைச் சினிமா போஸ்டர்கள் தாராளமாகச் செய்துவருகின்றன, பார்க்கிறவர்கள் விசிலடிக்கிறார்கள். தூங்கும் கான்ஸ்டபிளையே வரையலாம். வாய் பிளந்திருக்கட்டும், தொப்பி மூக்கில் சரியட்டும். லத்தியை மட்டும் சுவரில் சாய்த்து வைக்காமல், விரல்கள் இறுக அவர் கையிலேயே கொடுக்கவேண்டும்.