வரைபடத்தில் இல்லாத கான்

கல் தோண்டி முடித்த நிலத்தை எப்படிச் சீர்செய்வது, சரிவில் எதை நடுவது என்று திட்டம் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஹங்வெல்லைப் பக்கம் ஒரு கருங்கற் குவாரிக்கு நான் எழுதிய திட்டம் கீழே இருந்த வயலைக் கெடுத்தது. ஒரு மனிதரின் வேலையையும் பறித்தது. நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டப்படி, தோண்டியவரே நிலத்தைச் சீர்செய்ய வேண்டும். உரிமம் புதுப்பிக்கத் திட்டம் தேவைப்பட்டது. முதலாளி அவசரப்படுத்தினார். புத்தளம் அருவாக்காலுவில் சுண்ணக்கல் எடுத்த நிலத்தில் உள்ளூர் மரங்களை வைத்துக் காட்டை மீட்ட வேலை பற்றி நிறையக் குறிப்பு வைத்திருந்தேன். வெள்ளவத்தையில் வீட்டு மேசையில் இருந்தபடியே அதைப் பார்த்து எழுதினேன். ஊர்ப் பெயரை மாற்றினேன். மரங்களின் பட்டியலைக்கூடப் பாதிதான் மாற்றினேன்.

புத்தளம் உலர்வலயம். பாலையும் வீரையும் வளரும் பூமி. ஹங்வெல்லையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். அங்கே மரத்துக்கு முன்னால் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும். குவாரியின் தலைப்பில் கான் வெட்டி, மேலிருந்து வரும் வெள்ளத்தைச் சுற்றித் திருப்பி, சேறு படிய ஒரு குழிக்குள் விட வேண்டும். தோண்டும்போதே ஒதுக்கி வைத்த மேல்மண்ணைப் படிகளில் பரப்ப வேண்டும். வெட்டிவேரை வரிசையாக நட்டு மண்ணைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கெந்த போன்ற மரங்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே செய்யவில்லை.

ஒருவர் எச்சரித்தார். மலையகத்திலிருந்து வந்து அந்தக் குவாரியிலேயே முதுமையடைந்த தொழிலாளி. சரிவின் நடுவே ஒரு மடிப்பைக் காட்டினார். "சேர், மேல றப்பர் தோட்டத்துத் தண்ணி பூரா இதாலதான் எறங்கும். மொதல்ல கான் வெட்டணும்."

"அதெல்லாம் பிளானில இருக்கு" என்றேன்.

இருக்கவில்லை. மேலே ஏறிப் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் விளங்கியிருக்கும். அட்டைக் கடிக்குப் பயந்தேன் என்பது சின்னக் காரணம். கூலிக்கு வேலை செய்பவர் எனக்குச் சொல்லித் தருவதா என்ற திமிர்தான் பெரிய காரணம். 2017 சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். கொழும்பில் இருந்துகொண்டு அதைப் பார்த்தவன் நான். சரிவு என்ன செய்யும் என்று தெரியாது என நான் சொல்ல முடியாது.

அதிகாரிகள் வருமுன் பச்சை தெரிய வேண்டும் என்று, படிகளில் மண்ணைக் கொட்டிக் கன்று நடச் சொன்னேன். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தது. ஓர் இரவில் அந்த மடிப்பு வழியே மண், கன்று, சல்லி எல்லாம் இறங்கின. கீழே சிறுபோகத்துக்கு விதைத்த வயல். முளை வந்திருந்தது. வயல்காரப் பெண் கணுக்கால் சேற்றில் நின்று, சல்லிக்கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அலுமினியத் தாச்சியில் போட்டுக்கொண்டிருந்தார். தாச்சி நிறைந்ததும் வரப்பில் கொட்டிவிட்டுத் திரும்பவும் குனிந்தார். அவருடைய கிணற்றிலும் செம்மண் கலங்கியிருந்தது. நான் வீதியில் நின்றே பார்த்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசவில்லை.

விசாரணையில் ஏன் சரிந்தது என்று கேட்டார்கள். நான் இரண்டாவது குற்றத்தைச் செய்தது அப்போதுதான். "கன்று நட்டவர்கள் ஆழமாக நடவில்லை" என்றேன். நட்ட ஆட்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் அந்த முதியவர். பக்கத்தில்தான் நின்றார். என்னைப் பார்த்தாரே தவிர, வாய் திறக்கவில்லை. அடுத்த கிழமை அவரை நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கட்டணம் முழுதாக வந்தது. வாங்கிக்கொண்டேன்.

பிறகு வேறொருவர் அந்தச் சரிவுக்குத் திட்டம் வரைந்தார். முதலில் தலைப்பில் கான் வெட்டினார், முதியவர் சொன்ன அதே இடத்தில்.

வயலுக்கு ஒரு போகத்து நட்டஈடு கிடைத்தது. முதியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விசாரணை அறிக்கையில் பிழை இன்றும் அவர் தலையில்தான் இருக்கிறது. அது பொய். சொன்னவன் நான். அதைத் திருத்தும்படி என் கையொப்பத்துடன் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.