ஆறு மணிக்கு மேல்: பங்காருபேட்டைக் குறிப்புகள்

குடியை நிறுத்தியவரைப் பார்த்தால் "எத்தனை மாசம் ஆச்சு?" என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். "சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் எங்கே இருக்கீங்க, யாரோட இருக்கீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. பங்காருபேட்டையில் ஆளைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது கேள்விதான்.

*

கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதிலிருந்து மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது பெங்களூரு. விடிவதற்கு முன்னால் ரயில் ஏறுகிறார்கள். சுமார் 70 கிலோமீட்டர் தாண்டிப் போய் பெயின்ட் அடிக்கிறார்கள், செக்யூரிட்டியாக நிற்கிறார்கள், மால்களில் தரை துடைக்கிறார்கள். இருட்டிய பிறகு பங்காருபேட்டை ஜங்ஷனில் வந்து இறங்குகிறார்கள். குடியை நிறுத்தியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை நேரம் எப்படியோ ஓடிவிடுகிறது. சிக்கல் ரயிலை விட்டு இறங்கிய பிறகு.

*

மறுவாழ்வு மையங்களில் நான்கு விஷயங்களைச் சொல்லி எச்சரிப்பார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கில் ஒன்று தலைதூக்கினாலும் குடி ஞாபகம் வரும், உடனே கவனி என்பார்கள். நம் ஊர்க்காரருக்கு நான்கும் ஒரே ரயிலில் வந்து இறங்குகின்றன. மதியம் சாப்பிட்டது எப்போதோ செரித்துவிட்டது. மேஸ்திரி திட்டியது மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. கால் வலிக்கிறது. சுற்றி நூறு பேர் இருந்தும் பேச ஆள் இல்லை. இந்த நிலையில் இருப்பவரிடம் "மனசைத் திடமா வெச்சுக்கோ" என்று சொன்னால் என்ன பயன்? முதலில் வயிற்றுக்கு ஏதாவது போக வேண்டும்.

*

எனக்குத் தெரிந்த பெயின்டர் ஒருவர் பையில் இரண்டு டப்பா எடுத்துப் போவார். ஒன்று மதியத்துக்கு. இன்னொன்றில் வேர்க்கடலையும் வெல்லமும், சில நாள் எலுமிச்சை சாதமும் இருக்கும். அதை ரயில் பங்காருபேட்டைக்கு வருவதற்குள் தின்று முடித்துவிடுவார். சம்பள நாளில் மட்டும் ஒரு மாற்றம்: இறங்கியதும் நேராகப் பானிபூரி வண்டிக்குப் போய்விடுவார். எங்கள் ஊர் பானிபூரியின் தண்ணீர் பச்சையாக இருக்காது. பார்த்தால் குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், வாயில் போட்டால் காரம் உச்சந்தலைக்கு ஏறும். மனைவியும் பையனும் அங்கேயே வந்து நிற்பார்கள். சம்பளக் கவர் வண்டிக்குப் பக்கத்திலேயே கை மாறிவிடும். "வயிறு ரொம்பி, பையில காசு இல்லைன்னா, அந்த நெனப்பு பாதி அடங்கிடும்ணா" என்றார். இதைவிடத் தெளிவான திட்டத்தை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

*

குடிக்கும் ஆசை நிரந்தரமாக நிற்பதில்லை. அது ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அதன் வேகம் குறைந்துவிடும். மறுபடி குடியில் விழுவதைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஆசையோடு சண்டை போடாதே, அது ஏறி இறங்குவதைக் கவனித்துக்கொண்டிரு. நெஞ்சு எங்கே இறுகுகிறது, நாக்கு எப்படி வறள்கிறது, கை எதைத் தேடுகிறது என்று பார்த்தபடி அந்த நேரத்தைக் கடத்து. பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப் பாதை ரயிலில் உட்கார்ந்திருப்பது போலத்தான். வழியில் எந்த ஸ்டேஷனிலும் இறங்காமல் இருந்தால் போதும், கடைசி ஸ்டேஷன் தானாக வந்துவிடும்.

*

சுரங்கம் ஓடிய காலத்தில் ஷிப்டுக்குச் சங்கு ஊதும். எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது எல்லாம் அந்தச் சத்தத்தில் அடங்கியிருந்தது. அப்போதும் குடி இருந்தது, அதை மறைத்துப் பழம்பெருமை பேசக் கூடாது. ஆனால் நாளுக்கு ஒரு வரிசை இருந்தது. குடியை விட்டவருக்கு அந்த வரிசைதான் மருந்து. ஒரே நேரத்துக்கு எழுவது, ஒரே நேரத்துக்குச் சாப்பிடுவது, இரவு பத்துக்குள் படுப்பது, ஞாயிற்றுக்கிழமையை வெறுமையாக விடாமல் இருப்பது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். குடி முதலில் குலைப்பது இவற்றைத்தான். அதனால் திரும்பக் கட்டும்போதும் இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

*

கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் தடை செய்யப்பட்டது. சாராயப் பாக்கெட் போனது, மற்ற மதுவின் தொண்ணூறு மில்லி அட்டைப் பாக்கெட் வந்தது. சட்டைப்பையில் அடங்கும், உடையாது, சத்தம் போடாது. கடைகள் குறைய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கடை மூடும் வரை காத்திருக்க நம் வீட்டு ஆளுக்கு நேரம் இல்லை. கடை இருக்கும் தெருவில்தான் அவர் இன்று நடந்தாக வேண்டும். வேறு தெரு இருந்தால் சுற்றிக்கொண்டு போகட்டும். அதைக் கோழைத்தனம் என்று கேலி பேசுகிறவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளட்டும்.

*

1935 மே மாதம். அமெரிக்காவின் ஏக்ரன் நகரம். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் வியாபாரக் காரியமாக வந்து, காரியம் தோற்று, ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் டெலிபோன் பக்கம் போனார். தேவாலயங்களின் நம்பர்களைப் பார்த்துக் கூப்பிட்டு, 'பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும்' என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதிலிருந்துதான், குடியை விட நினைப்பவர்கள் மீட்டிங்கில் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது. அறிவுரை கேட்க அவர் ஆள் தேடவில்லை. இன்னொருவருக்கு உதவினால்தான் தன்னால் பிழைக்க முடியும் என்று தேடினார். நம் ரயிலிலும் குடியை நிறுத்தியவர்கள் இரண்டு மூன்று பேர் ஒரே பெட்டியில் ஏறுவது என்று முடிவு செய்தால், அதுவே ஒரு மீட்டிங்.

*

வீட்டுப் பெண்களுக்கு இரண்டு வார்த்தை. தினமும் வாசலில் நிறுத்தி "எங்கே, வாயை ஊது" என்று சொல்லும் பயம் எனக்குப் புரிகிறது. பல வருடம் அடி வாங்கிய பயம் அது. ஆனாலும் சோதனை நம்பிக்கையை வளர்ப்பதில்லை. "சாப்பிட்டீங்களா? இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்ற கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும். உங்கள் உடம்பு, உங்கள் தூக்கம், உங்களுக்கென்று பேச ஒரு ஆள், இவையும் இந்த வைத்தியத்தில் சேர்த்திதான். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்று பல காலமாகச் சொல்லிவருகிறது.

இரண்டாவது: தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி யாராவது பொடி கொடுத்தால் வாங்காதீர்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருக்கும்போது ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு, டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது.

*

தினமும் நிறையக் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம். அதைப் பேய் பிடித்ததாக எண்ணிக் கோயிலுக்குத் தூக்கிப் போகிறார்கள். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு கோயில். பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையில் போதை மருத்துவத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. நாம் தினமும் வேலைக்குப் போகும் ஊர்தான். 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்வது: மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேரை நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

*

குடி, கிளாஸைத் தொடுவதற்குப் பல நாள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது. கவனிக்க வேண்டியவை: மீட்டிங்குக்குப் போகாமல் சாக்குச் சொல்வது. பழைய கூட்டாளி நம்பரை மறுபடி சேமித்துக்கொள்வது. வீட்டில் சின்ன விஷயத்துக்குக் கத்துவது. கொஞ்சம் பணத்தைத் தனியாக ஒதுக்குவது. "பீர்தானே, சரக்கா அது?" என்று தனக்குத்தானே வாதாடுவது. சாவு வீடு, திருவிழா, கிறிஸ்துமஸ், போனஸ் வரும் நாள் எல்லாம் காலண்டரில் முன்கூட்டியே தெரிகிறவை அல்லது வந்தே தீருகிறவை. சாவு வீட்டுக்கு யாரோடு போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

*

எல்லாம் செய்தும் ஒரு நாள் வழுக்கலாம். அப்போது குடித்த குவாட்டர் செய்யும் கேடு ஒன்று. "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்ற நினைப்பு செய்யும் கேடு அதைவிடப் பெரிது. அந்த நினைப்புதான் அடுத்த பத்து நாளையும் குடிக்க வைக்கிறது. போனது ஒரு ராத்திரி. அதுவரை கற்றுக்கொண்டது எதுவும் போகவில்லை. விடிவதற்குள் ஒரே ஒரு ஆளிடம் சொல்லிவிடுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலிமானஸ் மனநல உதவி எண், இரண்டுக்கும் காசு கிடையாது. கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் திட்டாமல் கேளுங்கள், நாளைக்கு எந்த ரயிலில் வருவார், யார் கூட வருவார் என்று மட்டும் கேட்டு வையுங்கள்.