முதல் ஒட்டு

பல நூல்கள் பயின்ற எமக்குச் சைக்கிள் டயரைக் கழற்ற மாத்திரம் அச்சமாயிருந்தது. 1888-ல் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற வரலாற்றை அறிந்திருந்தோம்; அதில் தைத்த முள்ளால் நேர்ந்த துவாரத்தை அடைக்க அறியோம். தைரியம் வரட்டுமெனக் காத்திருந்தோம்.

ஒரு விடுமுறை நாளிற் கடை அடைத்திருக்க, யாமே துணிந்தோம். டியூபிற் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தினோம். குமிழி எழுந்த இடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, உடனே ஒட்டுத்துண்டை வைத்தோம். அது நழுவிற்று, நாணினோம். சொல்யூஷனிலுள்ள திரவம் ஆவியாகுமுன் ஒட்டுப் பிடியாதென்பது அப்பொழுதே விளங்கிற்று. மறுமுறை ஐந்து நிமிஷம் பொறுத்தோம், ஒட்டு நிலைத்தது.

அதன்பின் பிரேக்கையும் யாமே சீர்செய்தோம். வேலையைத் தொட்டபின்னரே தைரியம் வந்தது. நண்பர்காள், முதல் ஒட்டு நழுவினாற் கைவிடாதீர்.