மாமாவுக்கு ஒரு பாட்டில்

பிரஸ்ஸெல்ஸ் கடையில் அலமாரி முழுக்க பீர். வரி கட்டாமல் இந்தியாவுக்குக் கொண்டுவர இரண்டு லிட்டர்தான் அனுமதி, 375 மி.லி. பாட்டில் என்றால் ஐந்து. திருவக்கரையில் மாமா காத்திருக்கிறார்.

‘ஹூகார்டன்’ வேண்டாம், அது இந்தியாவிலேயே கிடைக்கிறது. மடத்துத் துறவிகள் காய்ச்சும் ‘ரோஷ்ஃபோர் 10’-ல் ஆல்கஹால் 11.3 சதவீதம். ரத்தக்கொதிப்புக்காரருக்கு அது ஆகாது. செர்ரி போட்ட இனிப்பு வகை? மாமாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கே!

ஐந்துக்கு இடமிருந்தும், பழம் சேராத ‘லாம்பிக்’ ஒன்றே ஒன்று எடுத்தேன். தனியாக ஈஸ்ட் சேர்க்காமல், காற்றில் இருக்கும் ஈஸ்ட்டிலேயே புளிக்க விடுகிற பீர் அது. கிட்டத்தட்ட நம்ம பனங்கள் கதைதான்.

“அரை டம்ளர், அவ்ளோதான்” என்று அத்தை முறைத்தார்.

மாமா ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார். “காலையில எங்கப்பா இறக்கினது, சாயந்திரம் இப்படித்தான்டா இருக்கும்.”