ஆரூடக்காரரின் மாதம்

அமெரிக்க உதைபந்தாட்ட இரசிகர்களுக்கு ஏப்ரல் ஆரூட மாதம். தேசிய லீக்கின் 32 அணிகளும் பல்கலைக்கழக வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும். முந்திய பருவத்தில் கடைசியாய் வந்த அணிக்கே முதலுரிமை. யாரை எவர் எடுப்பார் என்று முன்கூட்டியே பட்டியலிடுவது அங்கே தனித்தொழில்.

தேர்தல் ஆரூடங்கள் பலவற்றை அச்சேற்றிய எனக்கு இப்பட்டியல்களில் ஓர் ஈடுபாடு உண்டு. இவர்கள் கணிப்பது வீரனின் திறமையையன்று, மூடிய அறைக்குள் இருப்போரின் மனத்தை. அந்த அறையினரோ வேண்டுமென்றே பொய்களைக் கசியவிடுவர். (நிருபர்களுக்கு இது புதிதன்று!)

கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஷெடூர் சாண்டர்ஸை 2025இல் பல பட்டியல்கள் முதற் சுற்றிலேயே வைத்திருந்தன. அவரோ மூன்றாம் நாள்வரை காத்திருந்தார். ஐந்தாம் சுற்றில், 144ஆவதாக, கிளீவ்லாண்ட் அவரை எடுத்தது. அதற்கு முன்பே அதே அணி அதே இடத்துக்கு டிலன் கேப்ரியலை எடுத்திருந்தது. 2000இல் 199ஆவதாக எடுக்கப்பட்ட ரொம் பிரேடி பின்னர் ஏழு சுப்பர் போல் வென்றதைச் சொல்லிப் பலரும் ஆறுதல் கூறினர். ஆயினும் புதுமுகங்களின் ஊதியம் தெரிவு வரிசையைப் பொறுத்தது. பட்டியல் பிழைத்ததால் எழுதியவர் எவருக்கும் சம்பளம் குறையவில்லை. அவருக்கு மிக நன்றாகவே குறைந்தது.

சில நாட்களில் 2026க்கான பட்டியல்கள் வெளிவரத் தொடங்கின.